போத்தில் தொடரும் மரம்

புரூக்மன்சியா என்பது கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை ஆகியவை அடங்கிய கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமரங்களின் பேரினமாகும். கிளைகளிலிருந்து தலைகீழாகத் தொங்கும் அதன் பூக்கள் எக்காள வடிவில் விரிந்து, சில சிற்றினங்களில் அரை மீட்டர் நீளம் வரை வளர்வதால், ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் அது ‘தேவதையின் எக்காளம்’ எனப் பொருள்படும் பெயர்களால் வழங்கப்படுகிறது. தமிழ் நிலத்தின் தரிசுகளில் தானே முளைப்பதும் சிவனுக்குச் சூட்டப்படுவதுமான ஊமத்தை அதன் மிக நெருங்கிய உறவாகும். இந்த நெருக்கத்தின் காரணமாகவே லின்னேயஸ் 1753 இல் தாம் அறிந்திருந்த புரூக்மன்சியாவை ஊமத்தையின் பேரினமான டாட்டூராவில் சேர்த்தார். 1805 இல் கிறிஸ்டியான் பெர்சூன் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, லைடன் நகரப் பேராசிரியரான செபால்ட் யுஸ்டினுஸ் புரூக்மன்ஸின் பெயரைச் சூட்டிய பின்னும் தாவரவியலாளரிடையே தயக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1973 இல் டாம் லாக்வுட் செய்த விரிவான வகைப்பாட்டு ஆய்வுதான் அந்தப் பிரிவை நிலைபெறச் செய்தது.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகள் வெறும் வடிவ வேறுபாடுகள் அல்ல. ஊமத்தை நிமிர்ந்த பூவும் முள் நிறைந்த காயும் கொண்ட குறுகிய ஆயுள் செடி. வறட்சியோ குளிரோ வரும்போது செடி மடிந்தாலும் அதன் விதைகள் மண்ணில் காத்திருந்து அடுத்த பருவத்தில் முளைத்துக்கொள்கின்றன. புரூக்மன்சியாவோ தொங்கும் பூவும் முள்ளற்ற காயும் கட்டைத் தண்டும் கொண்டது. பல ஆண்டுகள் வாழும் அந்த மரம், தன் உயிர்ப்பின் சேமிப்பைப் பெரும்பாலும் தண்டிலேயே வைத்திருக்கிறது. ஆகவே குளிர்காலம் கடுமையான நாடுகளில் இந்தத் தாவரத்தைக் காப்பாற்றுவது என்பது தண்டைக் காப்பாற்றுவதே ஆகும்: முழு மரத்தையும் உறைபனிக்குத் தப்ப வைப்பது ஒரு வழி, அதன் ஒரு துண்டை வேர்விடச் செய்து புதிய செடியாக்குவது மற்றொரு வழி.

கைவழி வந்த பரம்பரை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் புரூக்மன்சியாவின் ஏழு சிற்றினங்களையும் ‘இயற்கையில் அற்றுப்போனவை’ என்றே வகைப்படுத்துகிறது. அதாவது வெனிசுவேலா முதல் சிலி வரையிலான ஆண்டிஸ் மலைத்தொடரிலும் பிரேசிலின் தென்கிழக்குக் கடலோரக் காடுகளிலும் தோன்றிய ஒரு முழுப் பேரினம், இன்று மனிதர் நட்ட இடங்களிலும் அவற்றிலிருந்து பரவிய இடங்களிலும் மட்டுமே காணப்படுகிறது. அதன் காய்களைத் தின்று விதைகளைச் சுமந்து சென்ற பெருவிலங்குகள் எவையேனும் முன்பே அழிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்று. பெரும்பாலான சிற்றினங்களில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் சூலை வளமாக்குவதில்லை என்பதால், தனித்து நிற்கும் ஒரு மரம் ஆண்டுதோறும் பூத்தாலும் விதையளிக்காமலே போகிறது.

அப்படியிருந்தும் இந்தப் பேரினம் அழியாமல் இருப்பதற்குக் காரணம், வெட்டிய தண்டுத் துண்டை நடும், அதாவது போத்து நடும் பழக்கமே. கொலம்பியாவின் தென்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்த சிபுந்தோய் பள்ளத்தாக்கில் காம்சா, இங்கா ஆகிய பழங்குடியினர் தம் வீடுகளையொட்டிப் பல வகை புரூக்மன்சியாக்களை மருந்துக்கும் சடங்குக்குமாக வளர்த்து, ஒவ்வொரு வகைக்கும் தனிப்பெயரிட்டு, தண்டுகளை வெட்டி நட்டே அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றி வந்துள்ளனர். 1940களில் அங்கு ஆய்வு செய்த ரிச்சர்டு எவன்ஸ் ஷூல்டெஸ், குறுகிய நாடா போன்ற இலைகளைக் கொண்ட ஒரு வகையைக் கண்டு, 1955 இல் அதைத் தனியொரு பேரினமாகவே விவரித்தார். அது புரூக்மன்சியாவிலேயே தோன்றிய ஒரு திரிபு எனப் பின்னர் ஏற்கப்பட்டது. விதைவழி வந்திருந்தால் மறைந்துபோயிருக்கக்கூடிய அத்தகைய திரிபுகள் மாறாமல் நீடித்ததற்கு, தாய்ச்செடியின் மரபமைப்பை அப்படியே ஏந்திச் செல்லும் போத்துதான் காரணம்.

வேரற்ற துண்டின் வரவுசெலவு

முருங்கையையும் பூவரசையும் நடுவதற்கு வெட்டப்படும் கிளைத்துண்டைத் தமிழ்நாட்டு உழவர்கள் போத்து என்கின்றனர்; புரூக்மன்சியாவில் நடப்பதும் அதுவே. வெட்டப்பட்ட கணத்திலிருந்து அந்தத் துண்டு இரண்டு கணக்குகளில் பற்றாக்குறையைச் சந்திக்கிறது. ஒன்று நீர்க்கணக்கு: வேரிலிருந்து வந்த நீர் நின்றுபோக, இலைத்துளைகள் வழியே நீராவியாக வெளியேறும் செலவு மட்டும் தொடர்கிறது. மற்றொன்று ஆற்றல் கணக்கு: புதிய வேரைக் கட்டுவதற்கு வேண்டிய சர்க்கரை, தண்டில் மாவுச்சத்தாகச் சேர்ந்திருப்பதிலிருந்தே எடுக்கப்பட வேண்டியிருக்கிறது. போத்து நடுவதில் கைக்கொள்ளப்படும் ஏறத்தாழ எல்லா விதிகளும் இந்த இரு கணக்குகளையும் வேர் வரும் வரை கையிருப்புத் தீராமல் நடத்திச் செல்வதற்கான வழிகளே.

அகன்ற இலைகளைக் கொண்ட புரூக்மன்சியாவில் நீர்ச்செலவு மிகுதி என்பதால், நுனியில் ஓரிரு சிறிய இலைகளை மட்டும் விட்டு ஏனையவை நீக்கப்படுகின்றன. முற்றிலும் இலையற்ற முதிர்ந்த தண்டும் வேர்விடும். இளந்தளிரோடு கூடிய நுனித்துண்டோ விரைவில் வேர்விட்டாலும் எளிதில் வாடுகிறது, எளிதில் அழுகுகிறது. எனவே பசுமை குன்றிப் பட்டை முதிரத் தொடங்கிய, பென்சில் கனமோ அதற்குச் சற்று மேலோ உள்ள தண்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், குறைந்தது மூன்று கணுக்கள் இருக்குமாறு, கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அமையும்படி நறுக்குவது நல்லது. கோடை முழுவதும் ஒளிச்சேர்க்கை செய்த கிளைகளில் இலையுதிர் காலத் தொடக்கத்தில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். குளிருக்கு முன் செடியைக் கவாத்து செய்யும் வேளையும் அதுவே என்பதால், வெட்டிக் கழிக்கப்படும் கிளைகளே நல்ல போத்துகளாகின்றன.

வேர் பிறக்கும் இடம்

விதையிலிருந்து வரும் முதல் வேரைப் போலன்றி, தண்டிலிருந்து பிறக்கும் வேர் வேற்றிட வேர் எனப்படுகிறது. தண்டின் உட்புறத்தில், நீரைக் கடத்தும் சைலத்துக்கும் உணவைக் கடத்தும் ஃபுளோயத்துக்கும் இடையே, பிரிந்து பெருகும் திறனை இழக்காத செல்களாலான கேம்பியம் என்னும் மெல்லிய அடுக்கு உண்டு. அதையும் அதையொட்டிய செல்களையும் வேராக மாறத் தூண்டுவது முதன்மையாக ஆக்சின் என்னும் தாவர வளர்ச்சிப் பொருளாகும். 1926 இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வெண்ட் ஓட்ஸ் நாற்றின் நுனிகளைக் கொண்டு இதன் இருப்பை மெய்ப்பித்தார். இளந்தளிர்களிலும் மொட்டுகளிலும் உருவாகும் ஆக்சின், செல்லுக்குச் செல் கைமாறி, நுனியிலிருந்து அடி நோக்கி ஒரே திசையில் செல்கிறது. வெட்டப்படாத தண்டில் அது வேர்வரை சென்றுவிடும். வெட்டப்பட்ட துண்டிலோ கீழ்வெட்டில் வழியின்றித் தேங்கி, அங்கேயே வேர்களைப் பிறப்பிக்கிறது.

தண்டுக்கு மேல், கீழ் என்ற திசையுணர்வு உண்டு என்பதை ஆக்சின் கண்டறியப்படுவதற்கு முன்பே, 1878 இல், ஹெர்மன் ஃபோஷ்டிங் வில்லோ மரத்தின் குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காட்டினார். எவ்வாறு தொங்கவிட்டாலும், செடியில் இருந்தபோது கீழாக இருந்த முனையே வேரைத் தந்தது. இலை நீக்கிய புரூக்மன்சியாத் தண்டில் எது மேல் எது கீழ் என்று குழம்புவது எளிது. இலைத்தழும்புக்கு மேற்புறமாகவே மொட்டு அமைந்திருக்கும் என்பதைக் கொண்டு திசையை அறியலாம். கீழ்முனையைச் சாய்வாகவும் மேல்முனையை மட்டமாகவும் வெட்டும் வழக்கம் இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே ஏற்பட்டது. 1935 இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிறுவனத்தில் வேரூக்கியாக இனங்காணப்பட்ட இண்டோல் பியூட்டிரிக் அமிலம் இன்று தூளாகவும் கரைசலாகவும் விற்கப்படுகிறது. புரூக்மன்சியா அது இல்லாமலே வேர்விடும் இயல்பினது என்பதால், அந்தத் தூளைவிட மிதமான வெப்பமும் அடியில் காற்றோட்டமுமே இதற்கு இன்றியமையாதவை.

கவைக்கு மேலும் கீழும்

எந்தக் கிளையிலிருந்து போத்து எடுக்கப்படுகிறது என்பது, அது எப்போது பூக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. விதையிலிருந்தோ அடிமரத்திலிருந்தோ எழும் புரூக்மன்சியாத் தண்டு முதலில் கிளைக்காமல் நேராக உயர்கிறது; ஒரு கட்டத்தில் அதன் நுனி இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து கவை ஒன்றை உண்டாக்குகிறது. அதன் பிறகே பூக்கள் வருகின்றன, அவையும் கவைக்கு மேற்பட்ட கிளைகளில் மட்டுமே வருகின்றன. இலையைப் பார்த்தே இந்த இரு பகுதிகளையும் வேறுபடுத்தலாம்: கவைக்குக் கீழுள்ள இலைகளின் அடிப்பகுதி நடுநரம்பின் இருபுறமும் ஒரே மட்டத்தில் முடிகிறது, மேலுள்ளவற்றில் ஒருபுறம் மற்றதைவிடத் தாழ்ந்து, சமச்சீரற்றுக் காணப்படுகிறது.

வியப்புக்குரியது என்னவெனில், வெட்டி நட்ட பின்னும் தண்டு தான் இருந்த இடத்தை மறப்பதில்லை. கவைக்கு மேலிருந்து எடுத்த போத்து பூக்கும் பருவத்தை ஏற்கெனவே எட்டிய திசுவாக இருப்பதால், குட்டையாக இருக்கும்போதே பூக்கிறது. கீழிருந்து எடுத்ததோ மீண்டும் நேராக உயர்ந்து, தன் கவையை உண்டாக்கிய பின்னரே பூக்கிறது. செடியில் இருந்த இடத்தின் தன்மையைத் துண்டு தொடர்ந்து சுமக்கும் இந்த நிகழ்வு தாவரவியலில் டோபோஃபிசிஸ் எனப்படுகிறது. கோடை குறுகிய நாடுகளில் இது சிறு விஷயமன்று: குளிருக்கு முன் கவைக்குக் கீழே வெட்டப்பட்ட மரமோ, உறைபனியில் தலை கருகி அடியிலிருந்து துளிர்த்த மரமோ, அடுத்த ஆண்டு கவை கட்டுவதிலேயே கோடையைக் கழித்து, மொட்டு விடும் வேளையில் மறுபடியும் குளிரைச் சந்திக்க நேரிடுகிறது.

நீரும் காற்றும்

போத்தை நீரிலும் வைக்கலாம், மண்ணற்ற கலவையிலும் நடலாம். எதில் வைத்தாலும் வெற்றியைத் தீர்மானிப்பது அடிமுனைக்குக் கிடைக்கும் ஆக்சிஜனே ஆகும். வேர் உருவாக்கம் மிகுந்த ஆற்றலைக் கோருவது. அந்த ஆற்றல் சுவாசித்தலால் வருவது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்க, ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராம் மட்டுமே கரைந்திருக்க முடியும். அதுவும் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே நீரில் பரவுகிறது. ஆகவே நீரில் வைப்போர் தண்டின் அடியில் சுமார் 5 சென்டிமீட்டர் மட்டும் மூழ்குமாறு வைத்து, சில நாள்களுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். பாசி படராதிருக்க ஒளிபுகாத பாத்திரமே ஏற்றது.

நீரில் வைத்த சில நாள்களில் தண்டின் மேல் வெண்மையான புள்ளிகள் புடைத்து எழும். அவற்றை வேர் என்று எண்ணி உடனே மண்ணுக்கு மாற்றுவது பரவலான தவறு. அவை தண்டு காற்றை வாங்கிக்கொள்ளும் பட்டைத்துளைகள். ஈரத்தில் அவை வீங்கிப் பருக்கின்றன. உண்மையான வேர்கள் பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் நீண்டு வெளிவருகின்றன. நீரில் வளர்ந்த வேர் எளிதில் முறிவது, வேர்த்தூவிகள் குறைந்தது. அதனால் அது 2 அல்லது 3 சென்டிமீட்டர் நீளம் எட்டியதுமே கலவைக்கு மாற்றி, முதல் சில நாள்கள் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலவையில் நடுவோருக்குத் தென்னை நார்க்கழிவும், எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரியச் செய்து பெறப்படும் பெர்லைட் என்னும் வெண்துகளும் சமபங்கு சேர்ந்தது நன்றாக உதவுகிறது; முன்னது ஈரத்தையும் பின்னது காற்றையும் பிடித்து வைக்கிறது. இரு கணுக்கள் உள்ளே இருக்குமாறு நட்டு, மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்தால் காற்றின் ஈரம் உயர்ந்து நீராவிப்போக்கு தணிகிறது. நாளுக்கு ஒருமுறை பையைத் திறந்து காற்றாட விடாவிட்டால் அதே ஈரம் சாம்பல் பூஞ்சணத்தை வரவழைக்கும். தொட்டியின் அடி 20 முதல் 24 டிகிரி வெப்பத்திலும் மேலுள்ள காற்று அதைவிடச் சற்றுக் குளிர்ந்தும் இருப்பது சிறந்த நிலை. அடிச்சூடு வேரை விரைவுபடுத்துகிறது, மேற்குளிர்ச்சி துளிரைத் தாமதப்படுத்துகிறது. வேருக்கு முன் துளிர் வந்த போத்து கையிருப்பைச் செலவழித்துவிட்டுப் பெரும்பாலும் வாடிவிடுகிறது.

குளிர் செய்யும் கேடு

ஆண்டிஸின் நடுமலைகளில் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ சமம். கொடும் வெயிலும் இல்லை, நீண்ட உறைபனியும் இல்லை. அந்தக் காலநிலைக்கு உரிய புரூக்மன்சியா, ஆப்பிளையோ பிர்ச்சையோ போலக் குளிரை எதிர்நோக்கித் தன்னை ஆழ்ந்த உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்திக்கொள்ளும் இயல்பைப் பெறவில்லை. நீலகிரி, கொடைக்கானல், நுவரெலியா ஆகிய மலைப்பகுதிகளில் அது ஓடைக்கரைகளில் வீட்டுச்செடியின் வரம்பைத் தாண்டிச் செழிப்பதற்கும், அங்கு முறிந்து விழும் கிளைகளும் வேர்பிடிப்பதற்கும், அந்த மலைகளின் குளுமை அதன் தாயகத்தை ஒத்திருப்பதே காரணம்.

வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும்போது பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே உருவாகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுப்பதால் செல் வற்றிச் சுருங்குகிறது, அதன் சவ்வு சிதைகிறது. காலையில் பனி உருகும்போது இலைகள் கருகியவை போலத் துவண்டு தொங்குகின்றன. வேர்ப்பகுதி மண்ணின் வெப்பத்தால் பிழைத்திருக்கக்கூடும் எனினும் கவையும் கிளைகளும் போய்விடுகின்றன. ஆகவேதான் ஜெர்மனி போன்ற நாடுகளில் புரூக்மன்சியா பெருந்தொட்டிகளிலேயே வளர்க்கப்பட்டு, முதல் உறைபனிக்கு முன் வீட்டுக்குள் கொண்டுவரப்படுகிறது.

இருளும் வெப்பமும்

வீட்டுக்குள் கொண்டுவந்த செடியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மீண்டும் வரவுசெலவே விடை தருகிறது. ஒளிச்சேர்க்கை வரவு, சுவாசித்தல் செலவு. வரவு ஒளியைப் பொறுத்தது. செலவு வெப்பத்தைப் பொறுத்தது, ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் இரட்டிப்பாவது. 8 டிகிரியில் இருக்கும் நிலவறையைவிட 22 டிகிரியில் இருக்கும் இருண்ட அறையில் அதே செடி கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வேகமாகத் தன் சேமிப்பைக் கரைக்கிறது. எனவே குளிர்ந்த இருள் பொறுக்கத்தக்கது, வெதுவெதுப்பான வெளிச்சம் நல்லது, வெதுவெதுப்பான இருள் மட்டும் கொடியது; அதில் செடி வெளுத்து மெலிந்த துளிர்களை நீட்டி, வரவில்லாத செலவில் தளர்ந்துபோகிறது.

தடித்த மரம் 5 முதல் 10 டிகிரி வரையுள்ள இருண்ட அறையில் இலைகளை உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் நிற்க இயலும். இலையற்ற செடி மிகக் குறைந்த நீரையே எடுப்பதால், வேர்கள் வறளாத அளவுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது நீர் விட்டால் போதும். உரம் அறவே வேண்டியதில்லை. குளிர்கால இழப்புகளில் பெரும்பகுதி, உறங்கும் செடிக்கு இரக்கப்பட்டு ஊற்றும் நீரால் வேர் அழுகுவதிலிருந்தே வருகிறது. பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டும்போது அடியில் பசுமை தெரிந்தால் தண்டு உயிரோடு உள்ளது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வேர்விட்ட இளம் போத்தின் நிலை வேறு. அதன் சேமிப்பு வேரைக் கட்டுவதிலேயே செலவாகிவிட்டதால் இருளில் பட்டினி கிடக்க அதனால் இயலாது. 12 முதல் 18 டிகிரி வரையுள்ள, நல்ல வெளிச்சம் விழும் சன்னலோரமே அதற்குரிய இடம். அங்கு அது மெதுவாக வளர்ந்துகொண்டிருக்க, மேல்மண் காய்ந்த பிறகு நீர் விடுவது போதுமானது. வறண்ட அறைக்காற்றில் சிவப்புச் சிலந்திப்பேனும், வெள்ளை ஈயும், அசுவினியும் விரைந்து பெருகும் என்பதால் இலைகளின் அடிப்பரப்பை வாரந்தோறும் பார்த்துக் கழுவுவது இன்றியமையாதது. இடம் கொள்ளாத இரண்டு மீட்டர் மரத்துக்குப் பதிலாக ஒரு சாண் உயரமுள்ள இரண்டு மூன்று செடிகள் குளிரைக் கடக்க, மரபமைப்பில் அவை அந்த மரமே என்பதால் இழப்பு ஏதும் நேர்வதில்லை.

நஞ்சும் நோயும்

புரூக்மன்சியாவின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. ஸ்கோபோலமின், ஹையோசயமின், அட்ரோபின் ஆகிய ஆல்கலாய்டுகள் நரம்புச் சமிக்ஞையைக் கடத்தும் அசிட்டைல்கோலினின் ஏற்பிகளை மறிக்கின்றன. உட்கொண்டால் வாய் உலர்தல், இதயத் துடிப்பு மிகுதல், மனக்குழப்பம் எனத் தொடங்கி உயிருக்கே இடர் நேரலாம். போத்து வெட்டிய கையால் கண்ணைத் தொட்டாலே கண்மணி விரிந்து பார்வை மங்குவது மருத்துவ ஏடுகளில் பதிவான நிகழ்வு. எனவே கையுறை அணிதல், வெட்டிய கருவியையும் கையையும் கழுவுதல், சமையலறைக் கத்தியையும் குவளையையும் இதற்குப் பயன்படுத்தாமை, குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்தல் ஆகியவை விட்டுக்கொடுக்கக் கூடாத விதிகள்.

தாயின் நற்பண்புகளை மாறாமல் தரும் அதே முறை தாயின் நோயையும் மாறாமல் தருகிறது. அசுவினியால் பரவும் கொலம்பிய டாட்டூரா வைரஸ் போன்றவை தண்டின் சாறு வழியே ஒவ்வொரு போத்துக்கும் செல்கின்றன. இலைகளில் வெளிறிய திட்டுகளும் சுருக்கமும் உள்ள செடியிலிருந்து போத்து எடுக்காமையும், ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் முன் கத்தியைத் தூய்மை செய்தலுமே இதற்குரிய காப்பு.

வெளிச்சத்துக்குத் திரும்புதல்

வசந்தத்தில் நிலவறைச் செடியை முதலில் வெளிச்சமான குளிர்ந்த அறைக்கும், பின்னர் வெளியே நிழலுக்கும், கடைசியில் வெயிலுக்கும் படிப்படியாக மாற்ற வேண்டும். வீட்டுக்குள் விரிந்த மெல்லிய இலைகள் நேர்வெயிலில் ஒரே நாளில் கருகிவிடும். மத்திய ஐரோப்பாவில் மே 11 முதல் 15 வரையிலான நாள்களைப் ‘பனிப் புனிதர்கள்’ என வழங்கி, அவை கழிந்த பிறகே தொட்டிகளை வெளியே வைக்கும் மரபு, கடைசி உறைபனி பற்றிய பல தலைமுறை அனுபவத்தின் சுருக்கமாகும். வெளியே வந்ததும் புரூக்மன்சியா உரத்துக்கும் நீருக்கும் பெரும்பசி கொண்ட செடியாகி, இழந்த இலைகளைச் சில வாரங்களில் மீட்டுக்கொள்கிறது.

குளிர்காலம் முழுவதும் சன்னலோரத்தில் நின்ற ஒரு சாண் செடிக்கு, எடுத்த செடியின் வகைப்பெயரும், கவைக்கு மேலா கீழா என்ற குறிப்பும் எழுதிய ஒரு சிறு சீட்டு கட்டப்பட வேண்டும். சிபுந்தோய் மக்கள் ஒவ்வொரு வகையையும் பெயரோடு கைமாற்றியதால்தான் அவை ஒன்றோடொன்று கலந்து மறையாமல் நின்றன. திரும்பிச் செல்லக் காடில்லாத ஒரு பேரினத்துக்கு, ஒரே தோட்டத்தில் நிற்கும் ஒரே மரம் பாதுகாப்பன்று. ஓர் இரவின் உறைபனியோ ஒரு வைரஸோ அதை முடித்துவிடக்கூடும். அதே மரம் பெயர்ச்சீட்டோடு நான்கு வீடுகளில் நிற்குமானால் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. ஆகவே வேர்பிடித்த போத்துகளுள் ஒன்றையேனும் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும், அதன் நஞ்சைப் பற்றிய எச்சரிக்கையைக் கொடுக்கும்போதே சொல்வதும், இந்தத் தாவரத்தை வளர்க்கும் முறையின் கடைசிப் படிகளாகக் கொள்ளப்பட வேண்டும்.